எண்ணி

சில்லுக்குள் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கும் சிஸ்டம் கவுண்டரைக் 'கடிகாரம்' என்று எழுதிவிடுகிறோம். 'எண்ணி' என்பதே பொருந்தும். மண்வெட்டி, வடிகட்டி போல வினையோடு இகரம் சேர்த்துக் கருவிக்குப் பெயரிடுவது நமக்குப் பழைய வழக்கம். கடிகாரமோ நாழிகையைக் குறிக்கும் 'கடிகை'யோடு உறவுடைய சொல். அதனிடம் மணி கேட்கலாம். எண்ணியிடம் கேட்கக்கூடியது எத்தனை துடிப்பு என்பது மட்டுமே. ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் என்பதை அறிய, ஆர்ம் கட்டமைப்பில் வேறொரு பதிவகத்தைப் பார்க்க வேண்டும்.

எமுலேட்டரில் எதுவும் எண்ணப்படுவதில்லையே என்று மறுக்கலாம். உண்மைதான். 62.5 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் எண்ணியைக் காட்டும் கியூஎமு என்ற எமுலேட்டர், வினாடிக்கு 6.25 கோடி முறை ஒன்றைக் கூட்டுவதில்லை. நிரல் கேட்கும் கணத்தில் மெய்நிகர் நேரத்தின் நானோவினாடிகளை 16ஆல் வகுத்து விடை தருகிறது. ஆனால் உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குத் தெரிவது அந்த வகுத்தல் அல்ல, பின்வாங்காமல் ஏறும் எண். மெய்நிகர் எந்திரத்தை இடைநிறுத்தினால் அந்த எண்ணும் நிற்கிறது. மறுபடி ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. வெளியே ஒரு மணி நேரம் கழிந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. கடிகாரம் இப்படி நடந்தால் பழுது என்போம். எண்ணிக்கு இதுவே முறையான நடத்தை. நாளும் மணியும் சொல்ல, கியூஎமுவின் 'விர்ட்' எந்திரத்தில் பிஎல்031 என்ற சாதனம் தனியே இருக்கிறது.