மறைத்துக் காட்டிய கலை

பினாங்கு மண்ணில் பிறந்த பி. ரம்லியும், பினாங்கில் வளர்ந்த தமிழரான எல். கிருஷ்ணனும் 1958ஆம் ஆண்டில் ஒரே பூதத்தைத் திரைக்குக் கொண்டுவந்தனர். மேனியெங்கும் எண்ணெய் பூசி இருளில் கன்னியரை நாடி வருவதாக மலாய் மக்கள் அஞ்சிய 'ஓராங் மிஞாக்' எனும் எண்ணெய் மனிதனே அப்பூதம். ரம்லி ஷா சகோதரர்களின் நிறுவனத்திற்காகவும், கிருஷ்ணன் அதற்குப் போட்டியான கேத்தே-கிரிஸ் நிறுவனத்திற்காகவும் படமெடுத்தனர். 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவரும் இதே கிருஷ்ணன்தான்.

ரம்லியின் கதாநாயகன் ஒரு கட்டத்தில் பிறர் கண்ணுக்குப் புலப்படாதவனாகிறான். இருப்பவனை இல்லாதவனாக்குவதும் ஒருவனை இருவராக்குவதும் தந்திரக் காட்சி எனும் ஒரே கலையின் கிளைகள். தனித்தனியே பிடித்த உருவங்களை ஒரே சட்டத்தில் இணைப்பதே அதன் உயிர்நாடி.

தமிழில் அக்கலைக்குப் பெயர் தேடித்தந்த படம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் வெளியிட்ட 'உத்தம புத்திரன்'. பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். ஒளிப்பதிவு செய்தவர் ஜெர்மானியரான போடோ குச்வாக்கர். அக்காலத்து முறை கேட்பதற்கு எளிது. வில்லையின் ஒரு பாதியைக் கறுப்பட்டையால் மறைத்து, மறு பாதியில் நடிகரை நடிக்கவைப்பர். பின்னர்ப் படச்சுருளைத் தொடங்கிய இடத்திற்கே பின்னோக்கிச் சுற்றி, முன்பு திறந்திருந்த பாதியை மூடி, வேடம் மாற்றிய அதே நடிகரை எதிர்ப்புறம் நிறுத்துவர். செய்வதோ அரிது! கருவி மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு விழும். நடிகர் எல்லை தாண்டிக் கை நீட்டினால் கை பாதியில் மறையும். படச்சுருளைக் கழுவிப் பார்க்கும்வரை வெற்றியா தோல்வியா என்பது எவருக்கும் தெரியாது. பழைய படங்களில் இரட்டையர் பெரும்பாலும் விலகியே நிற்பதும், அவர்களுக்கிடையே ஒரு தூணோ கதவோ அமைந்திருப்பதும் இதனால்தான். கொட்டகையில் கைதட்டல் பெற்றவர் நடிகர். அட்டை பிடித்தவரை எவரும் அறியார்.

அதே 1940இல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' என்ற ஆங்கிலப் படம் வேறொரு வழியைக் காட்டியது. மைசூரைச் சேர்ந்த சாபு நடித்த அப்படத்தில், லாரன்ஸ் பட்லர் நீலத்திரையின் முன் படமாக்கிய உருவத்தைப் பிரித்தெடுத்து வேறு பின்னணியில் பொருத்தினார். மனிதத் தோலில் நீலம் மிகக் குறைவு என்பதே அத்தேர்வுக்குக் காரணம். நடிகர் அசையும்போது மறைப்பும் உடன் அசைந்ததால், அசையாத நடுக்கோட்டிற்கு வேலையில்லாமற் போயிற்று. பட்லருக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது.

ஆயினும் தமிழ்நாட்டில் பழைய முறை எளிதில் சாகவில்லை. 1957இல் 'மாயா பஜார்' படத்தில் மார்க்கஸ் பார்ட்லி நிகழ்த்திய மாயங்கள் கணினியின் நிழல்கூடப் படாதவை. 1990இல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பி. சி. கௌரிசங்கர் நான்கு கமல்ஹாசன்களை ஒன்றாகக் காட்டியதும் கறுப்பட்டை மரபின் வளர்ச்சியே.

பின்னர் வந்த எண்மக் கருவிகள் நீலத்தைவிடப் பச்சையை விரும்பின. அவற்றின் ஒளியுணர் பரப்பில் பச்சைக்குரிய புள்ளிகள் சிவப்புக்கோ நீலத்திற்கோ உள்ளவற்றைப்போல் இரு மடங்கு. பச்சைத் திரைக்குக் குறைந்த ஒளியும் போதும். 1998இல் 'ஜீன்ஸ்' படத்தின் இரட்டையரைக் கணினியின் துணையோடு இணைத்த எஸ். டி. வெங்கிக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. சேலத்தில் அட்டை பிடித்தவர்களுக்கு அத்தகைய விருது கிடைக்க வழியே இல்லை. இந்திய அரசின் திரைப்பட விருதுகள் தொடங்கியதே 1954இல்தான்.