ஒரே பள்ளம், வேறு உறுப்பு: பகுதிசார் உடற்கூறியலை விலங்குகளை அருகருகே வைத்துக் கற்பிப்பது பற்றி

மாட்டின் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் முனைக்கும் இடையே தோலுக்கடியில் ஒரு முக்கோணப் பள்ளம் தெரியும். குதிரைக்கும் அதே இடத்தில் அது உண்டு. உள்ளே இருப்பதுதான் வேறு. மாட்டின் இடப்பள்ளத்தை ரூமன் என்னும் முதல் இரைப்பை நிரப்புகிறது. குதிரையின் வலப்பள்ளத்தில் சீக்கம் எனப்படும் பெருங்குடலின் தொடக்கப்பை அமைந்திருக்கிறது. உப்புசம் முற்றி மூச்சுத் திணறும் மாட்டுக்கு ட்ரோகார் என்னும் துளையிடும் கருவியை இடப்பக்கம் குத்துகிறோம். சீக்கம் உப்பிய குதிரைக்கு, வயிற்றுச்சவ்வு அழற்சிக்கு அஞ்சியபடியே கடைசி வழியாக, வலப்பக்கம் குத்துகிறோம். பக்கம் மாறினால் சிகிச்சையே காயமாகிவிடும்.

இந்த வேறுபாட்டை எப்படிக் கற்பிப்பது? 1910இல் வெளிவந்த செப்டிமஸ் சிசனின் பாடநூல் குதிரையை மூல விலங்காகக் கொண்டு, மற்றவற்றை அதிலிருந்து விலகுபவையாக விவரித்தது. வண்டிக்கும் படைக்கும் குதிரை இன்றியமையாததாக இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. ஆனால் அந்த வரிசையில் படிப்பவருக்கு மாடு ஒரு விதிவிலக்காகவே மனத்தில் பதிகிறது. ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அங்கே எல்லா விலங்குகளையும் அருகருகே நிறுத்துவதே மருத்துவருக்கு உதவும் என்பது என் வாதம்.

அப்படிக் கற்றால் மனப்பாடச் சுமை ஏறும் என்பது வழக்கமான மறுப்பு. உண்மையில் சுமை குறைகிறது. தீவனம் எங்கே நொதிக்கிறது என்று கேட்டால் போதும். மாட்டில் செரிமான இரைப்பையான நான்காம் இரைப்பைக்கு முன்பே நொதிக்கிறது. குதிரையில் சிறுகுடலைக் கடந்த பிறகு. இறைச்சி தின்னும் மரபில் வந்த நாய்க்குப் பெரிய நொதிப்பறை தேவையில்லை, அதன் சீக்கம் சுருண்ட சிறு பை மட்டுமே. இக்காரணம் ஒரே இனத்துக்குள்ளும் செல்லுபடியாகிறது: பிறந்த கன்றில் நான்காம் இரைப்பைதான் பெரியது, புல் மேயத் தொடங்கிய பிறகே ரூமன் வளர்ந்து இடப்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. வளர்ந்த மாட்டின் படத்தை மட்டும் பார்த்தவர் கன்றின் வயிற்றிலும் தவறுவார். மாட்டுக்கு இடப்பக்கம் கீறிக் கன்றை எடுக்கும் வழக்கமும் இதோடு சேர்ந்ததே. ரூமன் குடல் வெளியே சரியாதபடி தடுத்து நிற்கிறது.

அல்ட்ராசவுண்ட் இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்பார்கள். அந்தக் கருவியை எங்கே வைப்பது, திரையில் தெரிவது இயல்பானதா என்பதைச் சொல்வது உடற்கூறியல் அறிவே. தவிர, நள்ளிரவில் தொழுவத்தில் உப்பிக்கிடக்கும் மாட்டுக்குச் சில நிமிடங்களே மிச்சமிருக்கும்.

இன்னொரு மறுப்பைத்தான் நான் கனமானதாகக் கருதுகிறேன்: எலும்பு, நரம்பு எண்ணிக்கைகளுக்கு இப்படிக் காரணம் காட்ட முடியாது. மாட்டுக்கு 13 இணை விலா, குதிரைக்கு 18. இதை நெட்டுருத்தான் போட வேண்டும். ஆனால் விலாப்புறத்தை மரத்துப்போகச் செய்ய ஊசி போடுபவருக்கு மாட்டில் 13ஆவது மார்பு நரம்பும் முதலிரு இடுப்பு நரம்புகளும், குதிரையில் 18ஆவதும் அதே இரண்டும் வேண்டும். எண்ணை விட்டு இடத்தைப் பார்த்தால் இரண்டிலும் விதி ஒன்றே: கடைசி விலாவை ஒட்டிப் பின்னே வரும் நரம்பும், அதற்கடுத்த இரண்டும்.