ஃபார்மேட் பெட்டியின் கதை

செகந்திராபாத் பார்க் லேனில் இருக்கும் செனாய் டிரேட் சென்டரை இங்கே எல்லாரும் சி.டி.சி. என்றுதான் சொல்வார்கள். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒரே கட்டடத்துக்குள் அடைத்த மாதிரி. ஹைதராபாத்துக்குப் பொட்டி தட்ட வந்த நம்மவர்கள் பலர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கியது அங்கேதான். வாங்கி வந்து செருகினதும் எல்லாருக்கும் ஒரே குழப்பம். எதில் ஃபார்மேட் செய்வது? ஃபேட்32-ஆ, என்டிஎஃப்எஸ்-ஆ, எக்ஸ்ஃபேட்-ஆ?

பதிலுக்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

ஃபார்மேட் என்றால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள டிஸ்கில் ஒரு பேரேடு போடுவது. ஃபேட் என்ற பேரேட்டை 1977-ல் மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்ட் ஃப்ளாப்பிக்காக எழுதினார். அது வளர்ந்து 1996-ல் ஃபேட்32 ஆனது. டிவி, கேமரா, கார் ஸ்டீரியோ எல்லாம் இதைப் படிக்கும். ஆனால் கோப்பின் அளவைக் குறிக்க இதில் 32 பிட்தான். அதனால் 4 ஜிபி கோப்பு உள்ளே போகாது. டிஸ்கில் 400 ஜிபி காலியாக இருந்தாலும், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ பெரிசு என்று திருப்பி அனுப்பிவிடும்.

விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 போடாமல் அடம் பிடித்ததும் நினைவிருக்கும். ஃபேட்32-க்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது! பெட்டியை எழுதிய டேவ் பிளம்மர் 2024-ல் விளக்கம் சொன்னார். 1994 கடைசியில், நல்லது வரும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாக எழுதியதாம். டிஸ்க் பெரிதாக ஆக, அதன் அறைகளும் பெரிதாகும். ஒரு சின்னக் கடிதம்கூட முழு அறையைப் பிடித்துக்கொள்ளும். அந்த விரயத்தை யோசித்து அவர் போட்ட கோடுதான் 32. தற்காலிகம் முப்பது வருஷம் ஓடியது :-) 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் 11 சோதனைப் பதிப்பில் அது 2 டிபி ஆனது, அதுவும் கட்டளை தட்டிச் செய்பவர்களுக்கு.

1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ்-க்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. 2006-ல் வந்த எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் பொது. அதற்குக் காப்புரிமைச் சிக்கல் இருந்தது. ஃபேட் தொடர்பான காப்புரிமைகளை வைத்து 2009-ல் டாம்டாம் மீது மைக்ரோசாஃப்ட் வழக்கே போட்டது. பத்து வருஷம் கழித்து, 2019 ஆகஸ்டில், எக்ஸ்ஃபேட்டின் முழு விவரத்தையும் அதே நிறுவனம் வெளியிட்டு லினக்ஸுக்கும் வழிவிட்டது. அப்போது தலைமையில் இருந்தவர் இதே ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா.

ஆக, ஹைதராபாத்தில் விண்டோஸ், அமெரிக்காவில் தங்கையின் மேக் என்று சிதறிக் கிடக்கும் குடும்பத்துக்கு எக்ஸ்ஃபேட்தான் சரி. ஊரில் இருப்பது பழைய டிவி என்றால், அதற்கென்று சின்னதாக ஒரு ஃபேட்32 பென் டிரைவ்.

ஒரு முக்கியமான விஷயம். குவிக் ஃபார்மேட் பேரேட்டை மட்டும்தான் புதிதாகப் போடும். சாதாரண ஹார்ட் டிஸ்கில் பழைய படங்கள் உள்ளேயே கிடக்கும். தவறி ஃபார்மேட் ஆகிவிட்டால் அதில் எதையும் எழுதாதீர்கள், மீட்க வாய்ப்புண்டு. டிஸ்கை விற்கப் போகிறீர்கள் என்றால், அதே காரணத்துக்காக முழு ஃபார்மேட் செய்துவிட்டுக் கொடுங்கள்.

எதில் ஃபார்மேட் செய்தாலும் டிஸ்க் ஒருநாள் போகும். தாத்தாவின் குரல் ஒரே டிஸ்கில் இருந்தால், இந்த வாரமே இன்னொரு பிரதி எடுங்கள்.