மழையில் 100 மைல்: ஒரு மலை ஓட்டத்தின் வரலாறு



அதிகாலையில் நம் வளாகத்தைச் சுற்றி நடப்பவர்களுக்கும், மாரத்தான் ஓடிவிட்டுப் பதக்கத்தோடு லிஃப்டில் ஏறுபவர்களுக்கும் இந்தக் கட்டுரை. மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தூரத்தை, அதுவும் மலைப்பாதையில், இரவு பகல் பாராமல் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். 100 மைல், அதாவது சுமார் 161 கிலோமீட்டர்.

இந்த 100 மைல் கணக்கு குதிரைகளிடமிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரின் குறுக்கே 100 மைலை ஒரே நாளில் கடக்கும் குதிரைச் சவாரிப் போட்டி 1955 முதல் நடந்து வந்தது. 1974-இல் கோர்டி ஐன்ஸ்லீ என்பவர் அதில் குதிரை இல்லாமல் தன் காலையே நம்பி இறங்கினார். கொளுத்தும் வெயிலில் 23 மணி 42 நிமிடத்தில் ஓடி முடித்தார். மலைப்பாதையில் 100 மைல் ஓடும் வழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது.

அவரைச் சோதித்தது வெயில். ஐரோப்பாவில் சோதித்தது மழை.

ஆல்ப்ஸ் மலையில் மோன் ப்ளாங் சிகரத்தைச் சுற்றி நடக்கும் ஓட்டத்துக்கு யுடிஎம்பி என்று பெயர். பிரான்சின் ஷாமோனி நகரில் தொடங்கி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மறுபடி ஷாமோனிக்கே வர வேண்டும். இன்றைய பாதை 170 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர் வரும். எவரெஸ்ட்டின் உயரத்தைவிட அதிகம்.

முதல் ஓட்டம் 2003 ஆகஸ்ட் இறுதியில் நடந்தது. புறப்பட்டவர்கள் 722 பேர். மழையும் குளிர்காற்றும் விடாமல் அடித்ததில் முழுச் சுற்றையும் முடித்தவர்கள் 67 பேர்தான். முதலில் வந்தவர் நேபாளத்தைச் சேர்ந்த தாவா ஷெர்பா. அவருக்கே 20 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மழையில் நனைந்தால் என்ன ஆகிவிடும் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஷாமோனி இருப்பது சுமார் 1,000 மீட்டர் உயரத்தில்; பாதையில் உள்ள கணவாய்கள் 2,500 மீட்டர் வரை போகின்றன. கீழே 10 டிகிரி என்றால் மேலே பனி பெய்யலாம். ஓடும்வரை உடல் தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். பத்து, பதினைந்து மணி நேரத்துக்குப் பிறகு களைத்து நடக்கத் தொடங்கும்போது அந்தச் சூடு குறைகிறது; ஈரத்துணியும் காற்றும் மிச்சத்தைப் பறிக்கின்றன. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் முதலில் நடுக்கம், பிறகு குழப்பம். ‘இதோடு நிறுத்திவிடலாம்’ என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே அப்போது தடுமாறத் தொடங்கும்.

அதனால்தான் அந்த முடிவை ஓடுபவரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. 2010-இல் பெருமழையும் மண்சரிவு அபாயமும் வந்தபோது, ஓட்டம் தொடங்கிய சில மணி நேரத்திலேயே அமைப்பாளர்கள் அதை நிறுத்தினார்கள். ஆண்டு முழுவதும் பயிற்சி செய்துவிட்டு வந்தவர்கள் எவ்வளவு நொந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2012-இல் உயரமான கணவாய்களைத் தவிர்த்து, பிரான்சுக்குள்ளேயே சுமார் 100 கிலோமீட்டராகப் பாதையைச் சுருக்கினார்கள். தொப்பி வைத்த மழைச்சட்டை, நெற்றியில் கட்டும் விளக்கு இரண்டு, உடல்சூட்டைக் காக்கும் மெல்லிய போர்வை, விசில், கைபேசி ஆகியவை அங்கே கட்டாயம். இல்லையென்றால் தண்டனை உண்டு.

இந்தக் கண்டிப்பின் அருமை 2021 மே 22 அன்று சீனாவில் தெரிந்தது. கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் ஓடினார்கள். நண்பகல் வாக்கில் ஆலங்கட்டி மழை, உறைய வைக்கும் குளிர், சூறைக்காற்று. காற்றைத் தடுக்கும் மேல்சட்டை அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை. பலர் அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். 21 பேர் இறந்தார்கள். நாட்டின் முன்னணி வீரரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். ஆடு மேய்க்கும் ஜூ கெமிங் என்பவர் தாம் ஒதுங்கியிருந்த குகைக்கு ஆறு பேரைச் சேர்த்து, தீ மூட்டி, போர்வை கொடுத்துக் காப்பாற்றினார். போர்வையும் நெருப்பும் அந்த மேய்ப்பரிடம் இருந்தன. அந்த மலையின் குணம் அவருக்குத் தெரியும்.

நம்மில் சிலர் விடுமுறையில் குழந்தைகளோடு மலையேறப் போகிறோம். மழைக்காலத்திலும் போகிறோம். பையில் ஒரு மழைச்சட்டையும், நனையாமல் கட்டிய மாற்றுத்துணி ஒன்றும், ஒரு டார்ச்சும் இருக்கட்டும். வனத்துறையினரோ வழிகாட்டியோ ‘இன்றைக்கு வேண்டாம், திரும்புங்கள்’ என்று சொன்னால் வாதாடாமல் இறங்கிவிடுங்கள். 2003-இல் பாதியில் நின்ற 655 பேரையும் தோற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மலை அங்கேயேதான் இருக்கிறது. நாம் பத்திரமாக வீடு திரும்பினால் அடுத்த ஆண்டும் போகலாம்.