டிப்ளோமாக் கல்லூரி பல்கலைக்கழகமான கதை



எங்களிடம் படித்த பிள்ளை ஒருத்தி, இசட் புள்ளி போதாததால் தனியார் நிறுவனமொன்றில் ஊடக டிப்ளோமா முடித்தாள். பிறகு வெளிவாரிப் பட்டத்துக்குப் போனபோது, டிப்ளோமாவில் படித்த ஒரு பாடத்தையும் கணக்கில் எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். உம்மா நகை அடகு வைத்துக் கட்டிய காசு. அதனால்தான் இந்தப் பழைய கதையைச் சொல்கிறோம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எங்கள் வயதுக்காரர் பலர் புத்தளத்து முகாம்களில் பிறந்தவர்கள். அடுத்த வருடம், 1991 இல், மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் தொடங்கின. கொடுத்தது பட்டமல்ல, டிப்ளோமா. வட மாகாணத்துக்கும் ஒன்று கிடைத்தது. அப்போது நாங்கள் வடக்கில் இல்லை.

மத்திய, வடமேல், வடமத்திய மாகாணக் கல்லூரிகள் 1995 இல் ரஜரட்ட பல்கலைக்கழகமாகின. எங்கள் மாகாணக் கல்லூரி 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஓகஸ்ட் 1 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனியே எழுந்தது. டிப்ளோமாவில் தொடங்கிய இடம் தனிப் பல்கலைக்கழகமாக 30 வருடம் சென்றது. இன்று அது பம்பைமடுவில், எங்கள் சாளம்பைக்குளத்துக்குக் கிட்ட இருக்கிறது.

ஆனால் அது பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்ற மூன்று பீடங்களோடு எழுந்த பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பவை யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள். ஊடகம் படிக்க யாழ்ப்பாணக் கலைப்பீடத்துக்கோ, தொடர்பாடல் படிக்கத் திருகோணமலை வளாகத்துக்கோதான் போக வேண்டும். ஆகவே உயர்தரம் எழுதிய பிள்ளைகள் விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் தவறாமல் போடுங்கள்.

கிடைக்காவிட்டால்? ஒரு கல்லூரி முழுவதும் பல்கலைக்கழகமாக உயரலாம். ஒரு பிள்ளையின் டிப்ளோமா தானாகப் பட்டத்துக்குள் ஏறாது. 2012 இல் வந்த எஸ்.எல்.கியூ.எஃப். என்ற தகைமைக் கட்டமைப்பில் டிப்ளோமா 3 ஆம் மட்டம், 30 திறமைப் புள்ளி. உயர் டிப்ளோமா 4 ஆம் மட்டம், 60 புள்ளி. பொதுப் பட்டம் 5 ஆம் மட்டம், 90 புள்ளி. கணக்குப்படி டிப்ளோமா ஒரு வருடப் படிப்புக்குச் சமம். ஆனால் அந்தப் புள்ளிகளை ஏற்பதா இல்லையா என்று முடிவெடுப்பது பட்டம் தரும் பல்கலைக்கழகம்தான், டிப்ளோமா விற்பவர் அல்ல.

அதனால் கடைசியில் சேரப்போகும் பல்கலைக்கழகத்தை முதலில் தீர்மானியுங்கள். எந்தப் பாடங்களை ஏற்பார்கள் என்று அங்கே எழுத்தில் கேளுங்கள். பிறகே டிப்ளோமாவைத் தெரிவு செய்யுங்கள். உயர்தரம் சரிவராத பிள்ளைக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கற்கைநெறி வழியும் உண்டு.

காசு கட்ட முதல் பாடப் பட்டியலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். இருந்து சேர்ந்தே பார்ப்போம். வஸ்ஸலாம்.