புதுச்சேரி வளைவு: யானைக்கால் நோயின் பல்லடுக்கு மாதிரி ஒன்றின் மறுவாசிப்பு

புதுச்சேரியில் 1981 முதல் 1985 வரை நடந்த ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் தரவைச் சான்று காட்டி, பெரியவர்களிடம் நுண்புழுத் தொற்று (யானைக்கால் நோய்ப் புழு ஈனும் நுண்புழுக்கள் ரத்தத்தில் காணப்படுவது) குறைவதற்கு நோயெதிர்ப்பாற்றலே காரணம் என முடிவுகட்டும் போக்கு இத்துறையில் வேரூன்றிவிட்டது. அந்த முடிவின் பாரத்தைத் தரவு தாங்காது என்பதே என் வாதம்.

எடுத்துக்காட்டப்படுவது 2004-இல் வெளிவந்த பகுப்பாய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையமும் ராட்டர்டாம் எராஸ்மஸ் பல்கலைக்கழகமும் இணைந்து பயன்படுத்திய லிம்ஃபாசிம் என்னும் கணினி மாதிரி, கொசுக்கடி, மனிதர், மனிதருக்குள் வாழும் புழு என்ற அடுக்குகளைப் பிணைக்கிறது. 5,071 பேரிடம் திட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்த நுண்புழு அடர்த்தியோடு அது பொருத்திப் பார்க்கப்பட்டது. வயதோடு ஏறிப் பின் இறங்கும் தொற்று வளைவை, எதிர்ப்பாற்றல் சேர்க்காத மாதிரியால் தர இயலவில்லை.

எதிர்ப்பாற்றல் சேர்த்த மாதிரிகளோ இரண்டு. ஒன்றில், புகும் மூன்றாம் நிலை இளம்புழுக்களை உடல் அழிக்கிறது. மற்றதில், முதிர்ந்த பெண்புழுவின் இனப்பெருக்கத்தை ஒடுக்குகிறது. இரண்டுமே நன்கு பொருந்தின. உள்ளே நடப்பது முற்றிலும் வேறாயினும் ரத்தப் பூச்சில் தெரிவது ஒன்றே. ஆகவே வயதோடு ஏதோ ஒன்று குறைகிறது என்பதற்கு மேல் அந்த வளைவிலிருந்து எதையும் பெற முடியாது. அது ஏன் கொசுக்கடியாக இருக்கக்கூடாது? கடிக்கு ஆளாவது ஏறத்தாழ இருபது வயதுவரை கூடி, பிறகு மாறாது நிற்பதாக மாதிரி வைத்துக்கொள்கிறது. எதிர்ப்பாற்றலற்ற மாதிரியைத் தோற்கடித்தது இந்த எடுகோளாகவே இருக்கலாம்.

திட்டம் முடிந்த மூன்றாம், ஆறாம் ஆண்டு அளவீடுகளோடு கணிப்பு ஒத்துப்போயிற்றே என்பர். ஒத்துப்போனவை இரு மாதிரிகளின் கணிப்புகளும்தாம். இருவரும் தேறிய தேர்வு யார் சரி என்று சொல்லாது. அளபுருக்கள் மிகுதி என்ற வழக்கமான குறையைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. பல்லடுக்கு மாதிரி எதற்கும் அது உண்டு.

புழுவின் ஆயுளிலும் இதே சிக்கல். இவ்வூர்த் தரவிலிருந்தே முன்பு இனப்பெருக்க ஆயுள் 5.4 ஆண்டு என மதிப்பிட்டார்கள்; 2004 மாதிரி தருவது சுமார் 10 ஆண்டு. முந்தையது மனித அடுக்கில், நுண்புழு மறைவதைக் கொண்டு அளந்தது. ஒருவருக்குள் பல புழுக்கள் இருந்தால் கடைசிப் புழு ஓயும்வரை நுண்புழு தென்படும், மதிப்பீடு மிகைப்படும். ஆனால் 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தில் அகப்படாத அளவுக்கு நுண்புழு அருகினால், புழு உயிரோடிருக்கும்போதே ‘இல்லை’ என்று விடை வரும், மதிப்பீடு குறையும். இரண்டாவதே மேலோங்கியது எனக் கருத இடமுண்டு. இது வெறும் கணக்குப் பூசல் எனத் தள்ளிவிட முடியாது: ஆண்டுக்கொரு முறை நுண்புழுவை ஒழிக்கும் டி.இ.சி. மாத்திரை, நான்கு முதல் ஆறு சுற்று என்ற திட்டம் புழுவின் இனப்பெருக்க ஆயுளை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது.

எதிர்ப்பாற்றல் மாதிரிகளைப் பிரித்தறிய உள்ளடுக்கின் தரவு வேண்டும். முதிர்புழுவின் ஆன்டிஜெனை வயதுவாரியாக நுண்புழுவோடு சேர்த்து அளந்தால், இனப்பெருக்கம் ஒடுக்கப்படும் நிலையில் நுண்புழு இறங்க, ஆன்டிஜென் இறங்காது நிற்கும். ஆன்டிஜென் புழுக்களின் எண்ணிக்கையைச் சொல்லாது என்பது உண்மையே. இங்கே அதன் போக்கே போதும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் இளம்புழு எதிர்ப்பும் குறைந்த கடியும் பிரியாமல் நிற்கும். அப்போது வயதுவாரியாகக் கொசுக்கடியையே நேரில் அளந்தாக வேண்டும்.