தாளவழி நடைப்பயிற்சி

சீரான தாள ஒலிக்கேற்ப அடியெடுத்து வைக்கப் பழக்கும் மறுவாழ்வு சிகிச்சை. பார்க்கின்சன் நோயாலும் பக்கவாதத்தாலும் நடை குலைந்தோருக்கு அளிக்கப்படுகிறது.

பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் குறைவதால் அசைவுக்கான நேரக்கணக்கு பிசகுகிறது. வாசற்படி அருகே வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் சிலர் நின்றுவிடுவார்கள். தாளம் கேட்கும்போது, அடுத்த தட்டு விழும் நேரத்தை மூளை முன்கூட்டியே கணித்துக் காலைத் தயார்ப்படுத்துகிறது. கருவி மெட்ரோனோமா மத்தளமா என்பது இரண்டாம்பட்சம். தட்டு சீராக விழ வேண்டும், அவ்வளவுதான். நோயாளியின் இயல்பு வேகத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள்.

மைக்கேல் தாட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், 3 வாரப் பயிற்சியில் நடைவேகம் சுமார் 25 விழுக்காடு கூடியது. இது நோயைக் குணப்படுத்தாது; பயிற்சியை நிறுத்தினால் பலனும் நாளடைவில் குறைகிறது.